நிரம்பினதும் ஒரு குரல்

நிரம்பினதும் ஒரு குரல் குடுப்பா என்று சொல்லிவிட்டு அவர் கீழே இறங்கிப் போனார், செருப்புச் சத்தம் படிப்படியாகக் குறைந்தது, மோட்டார் உறுமியது, குழாய்க்குள் காற்று இரண்டு தடவை இருமியது, பிறகு தலைக்கு மேலே காலி டேங்கில் தண்ணீர் விழ ஆரம்பித்தது. ஒரு குரல். அவ்வளவுதான் கேட்டார். ஆயிரம் லிட்டர் டேங்க், முக்கால் மணி நேரம் ஆகும், உள்ளே இருக்கிற மிதவைப் பந்து உடைந்துவிட்டதால் தண்ணீர் தானாக நிற்காது, யாராவது மேலே இருந்து பார்த்துச் சொல்ல வேண்டும், யாராவது கீழே இருந்து நிறுத்த வேண்டும், வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அம்மா, தன்கூட வேலை பார்க்கும் நர்ஸ் ஒருத்தியின் மகளுக்கு வளைகாப்பு என்று காலையிலேயே லால்குடிக்குப் போய்விட்டாள். போன் பண்ணவா என்று கேட்டேன். "போன் அடிச்சா எனக்கு எங்க கேக்குது? பக்கத்துல மோட்டார் வேற கத்தும். குரல் குடு. குரல்னா சுவத்துல பட்டு வந்துரும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தே கால், டேங்கின் நிழல் மொட்டை மாடியில் ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு நீளமாகக் கிடக்கிறது, அதில் பாய், அதன்மேல் நான், பக்கத்தில் மூன்று காமிக்ஸ், உறையூரில் இதைவிட ராஜவாழ்க்கை யாருக்கும் இருக்காது. கூரியர் ஆபீஸில் ஆறு நாளும் பெறுநர் பெயர், அனுப்புநர் பெயர் என்று தட்டிக்கொண்டிருப்பவனுக்கு ஏழாம் நாள் ஓய்வு வேண்டாமா, கடவுளே எடுத்தாராம். சரி. ஆனால் அந்தக் குரலில் என்ன வார்த்தை இருக்க வேண்டும்? குரல் என்றால் வெறும் குரலா? மாட்டை ஓட்டுகிற மாதிரி ஹோய் என்றா?

அவர் என்றால் துரைக்கண்ணு. என் அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டவர், ஒன்றரை வருஷம் ஆகிறது. பாய்லர் உதிரி செய்யும் ஒரு பட்டறையில் இருபத்தெட்டு வருஷமாக ஃபிட்டர், கிரைண்டர் சத்தத்தில் இடது காது முழுசாகவும் வலது காது பாதியும் போய்விட்டது, அதை அவரே முதலில் சொல்லிச் சிரிப்பார், "பேர்ல கண்ணு இருக்குல்ல, அதான் காது கோவிச்சுக்கிட்டுப் போயிருச்சு." முதல் நாள் அதைச் சொன்னபோது நான் சிரித்தேன், ஆனால் என் சிரிப்புக்குச் சத்தம் கிடையாது, எனக்கு எதற்குமே சத்தம் கிடையாது, பள்ளிக்கூடத்தில் உள்ளேன் ஐயா என்று சொல்லியும் பாதி நாள் ஆப்சென்ட் போட்டிருக்கிறார்கள். சத்தமில்லாத ஒருவனும் காது கேட்காத ஒருவரும் ஒரே வீட்டில். யாராவது வேண்டுமென்றே செய்த மாதிரி இருக்கிறது. தண்ணீர் இப்போது தடதடவென்று விழுகிறது, பிளாஸ்டிக் தரையில் விழுகிற சத்தம், இன்னும் அடிமட்டத்தில்தான் இருக்கிறது, இன்னும் நேரம் இருக்கிறது.

நேற்று சனிக்கிழமை இரண்டு காமிக்ஸ் முடித்தேன். முதலாவது பாதரசன், கதவிடுக்கு வழியாக உருகி ஒழுகி வருகிறவன், படம் நன்றாக இருந்தது, மழை பெய்கிற பதினொரு கட்டத்திலும் ஒரு வசனம்கூடக் கிடையாது, அதுதான் எனக்குப் பிடித்த பக்கம், ஆனால் கடைசியில் வில்லன் நின்று நிதானமாகத் தன் திட்டம் முழுவதையும் விளக்குகிறான், எந்தத் திருடன் இப்படி விளக்குவான்? இரண்டாவது, ஓய்வுபெற்ற நான்கு வீரர்கள் சேர்ந்து லாண்டரி நடத்துகிற கதை, ஒருத்தர் மூச்சாலேயே துணி காயவைக்கிறார், நெருப்பு மனுஷர் இஸ்திரி போடுகிறார், பழைய எதிரி சட்டை கொடுக்க வருகிறான், சிரித்துச் சிரித்துப் படித்தேன், சத்தமில்லாமல்தான். அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதுதான் சமையலறையில் அவர் அம்மாவிடம் ரகசியம் பேசினார். காது கேட்காதவர் ரகசியம் பேசினால் தெருமுனை வரைக்கும் கேட்கும். தான் கிசுகிசுப்பதாக அவருக்கு நினைப்பு. "ராய்ப்பூர்ல சைட்டு, கோமதி. ரெண்டு வருஷம். திங்கக்கிழமை காலைல பதில் சொல்லணும், சரின்னா புதன்கிழமை வண்டி." அம்மா என்ன கேட்டாளோ, அவள் ரகசியம் நிஜ ரகசியம். "எனக்கு என்ன, போகணும்னு ஆசையா? பையன் ஒரு வார்த்தை சொல்லிக் கூப்பிட மாட்டேங்கறான். ஒன்றரை வருஷம். பிடிக்கலன்னா பிடிக்கலதான், தப்பு இல்ல, அது அவன் வீடு. நாந்தான் நடுவுல வந்தவன். கொஞ்ச நாள் தள்ளி இருந்தா அவனும் மூச்சு விடுவான்." நெருப்பு மனுஷர் அந்தப் பக்கத்தில் ஒரு பட்டுப் புடவையைக் கருக்கிவிட்டு முழித்துக்கொண்டிருந்தார். நானும் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். பிடிக்கவில்லை என்று யார் சொன்னது? நான் சொல்லவில்லையே. நான்தான் ஒன்றுமே சொல்லவில்லையே.

வார்த்தை கிடைக்கவில்லை, அதுதான் விஷயம், வேறு ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் வீட்டுக்கு வந்தபோது சார் என்றேன், அப்போது சரியாக இருந்தது, ஆனால் ஒரே குழம்பை ஊற்றிச் சாப்பிடுகிறவரை சார் என்றால் அவர் தட்டில் பில் வைக்கிற மாதிரி இருக்கிறது. அங்கிள் என்றால் கீழ்வீட்டுக்காரரும் அங்கிள், கேபிள்காரரும் அங்கிள். மாமா என்று ஒரு நாள் வாய் வரை வந்தது, நல்லவேளை விழுங்கினேன், மாமா என்றால் அம்மாவுக்கு அவர் அண்ணன் தம்பி ஆகிவிடுவார், குடும்பமே தலைகீழாகிவிடும். சித்தப்பா என்றால் என்னைப் பெற்றுவிட்டுச் செத்துப்போன மனுஷருக்கு இல்லாத தம்பி ஒருத்தரை நான் உண்டாக்க வேண்டும். பேரைச் சொல்ல முடியாது. அம்மாவே சொல்வதில்லை, அவள் ஏங்க என்பதோடு சரி, அந்த ஏங்கவை அவர் எங்கே இருந்தாலும் பிடித்துவிடுகிறார், பாதிக் காதாலேயே. மிச்சம் இருக்கிறது ஒரு வார்த்தை. எங்கள் வீட்டில் அது ஒரு போட்டோவின் பெயர். அப்பா மேல தூசி படிஞ்சிருக்கு பாரு, அப்பாவுக்குப் பூ மாத்து, அப்பாவைக் கொஞ்சம் நேரா மாட்டு. எனக்கு மூன்று வயதில் போய்விட்டார், நான் அவரை ஏதாவது சொல்லிக் கூப்பிட்டேனா என்றுகூடத் தெரியாது. துரைக்கண்ணு வந்த முதல் வாரம், ஆணி ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்து, பட்டறையிலிருந்து டிரில்லர் கொண்டுவந்து புதுத் துளை போட்டு, வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்து, போட்டோவை அவரே மாட்டினார். தள்ளி நின்று பார்த்தார். "இப்ப நேரா இருக்காப்பா?" என்று என்னைக் கேட்டார். நான் தலையாட்டினேன். அதற்கு ஒரு வார்த்தை தேவைப்படவில்லை. அப்படியே பழகிவிட்டது, இங்க பாருங்க, சாப்பிட வாங்க, அம்மா கூப்பிடறாங்க, எல்லா வாக்கியமும் நடுவிலிருந்து ஆரம்பிக்கும், தலை இல்லாத முண்டம் மாதிரி. என் போனில் அவர் பெயர் புது நம்பர். அன்றைக்கு அவசரத்தில் அப்படிப் பதிந்தேன், ஒன்றரை வருஷமாக அந்த நம்பர் பழசாகவே மாட்டேன் என்கிறது.

சத்தம் மாறிவிட்டது. தடதட போய்க் குளுகுளு. தண்ணீர்மேல் தண்ணீர் விழுகிறது, கால் டேங்க் இருக்கும். நிழல் கொஞ்சம் சுருங்கி என் கணுக்காலுக்கு வெயில் வந்துவிட்டது, காலை மடக்கிக்கொள்கிறேன். இன்றைக்கு எடுத்திருப்பது தூரச்செவி. இவனுக்குப் பறக்கத் தெரியாது, அடிதடியும் சுமார்தான், ஆனால் எத்தனை மைலுக்கு அப்பால் யார் அவன் பேரைச் சொன்னாலும் அவனுக்குக் கேட்கும். பேரைச் சொல்ல வேண்டும், அதுதான் விதி, முதல் இதழிலிருந்து விதி, பேர் சொல்லாதவனின் கூப்பாடு அவனுக்கு வெறும் இரைச்சல். வியாழக்கிழமையே வந்துவிட்டது, ஒருமுறை படித்தாயிற்று, இது இரண்டாம் சுற்று, நான் காமிக்ஸைப் பிளாஸ்டிக் உறை போட்டு வைக்கிறவன், பக்கத்தைத் திருப்பும் முன் கையைத் துடைக்கிறவன், ஆனால் எழுபத்தொன்றாம் பக்கத்தில் கறுப்பாக ஒரு கட்டைவிரல் இருக்கிறது. கிரைண்டர் கறுப்பு. சோப்புப் போட்டாலும் போகாத கறுப்பு. காலையில் அதைப் பார்த்தபோது முதலில் கோபம்தான் வந்தது, நூற்றுப் பன்னிரண்டு பக்கப் புத்தகம், வந்து மூன்று நாள் ஆகவில்லை. பிறகு பழைய இதழ்களை எடுத்துப் பார்த்தேன், ஆகஸ்ட்டில் ஒன்று, தீபாவளி மலரில் இரண்டு, பாதரசனில் ஓரமாகப் பாதி. நான் வேலைக்குப் போனபிறகு உறையைப் பிரித்து, படித்து, திரும்ப உறை போட்டு, அடுக்கின வரிசை கலையாமல் வைத்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்பதற்கு அவருக்கும் ஏதாவது இடைஞ்சல் இருந்திருக்கும்.

எழுபத்தொன்றாம் பக்கம்தான் தகராறே. கட்டடம் இடிந்து கிடக்கிறது, சிமெண்டுப் பலகைக்கு அடியில் ஒரு வயசான பெண்மணி, அன்றைக்குத்தான் ஊருக்கு வந்து இறங்கியவள், தூரச்செவி என்று ஒருத்தன் இருப்பதே அவளுக்குத் தெரியாது. அவள் வாய்க்கு மேலே சின்ன வசனக்குமிழில் "ஏங்க..." என்று இருக்கிறது. மூலத்தில் என்ன இருந்ததோ, மொழிபெயர்த்தவர் ஏங்க போட்டுவிட்டார். அடுத்த கட்டத்தில், ஊரின் மறுகோடியில், கோபுரத்து உச்சியில் டீ குடித்துக்கொண்டிருந்தவன் கோப்பையை வைத்துவிட்டுத் திரும்புகிறான். எப்படித் திரும்பலாம்? பேர் சொல்லவில்லையே. அன்புள்ள ஆசிரியருக்கு, பக்கம் எழுபத்தொன்றில் ஒரு பெரும் பிழை, தூரச்செவியின் ஆதார விதியே இங்கு மீறப்படுகிறது, என்று வியாழக்கிழமையிலிருந்து மனசுக்குள் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன், இப்படிக்கு ம. இளம்பரிதி, உறையூர். போன வருஷம் ஒரு கடிதம் போட்டார்கள், என் பேரில் ளவை விட்டுவிட்டு இம்பரிதி என்று அச்சடித்திருந்தார்கள், அதற்கும் அவர்தான் சத்தமாகச் சிரித்தார். அந்தக் கட்டைவிரல் ஏங்கவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அவரும் இந்த இடத்தில்தான் நின்றிருக்கிறார். ரொம்ப நேரம் நின்றிருக்கிறார், ரேகை ஆழமாகப் பதிந்திருக்கிறது. அவருக்கு இது பிழையாகப் பட்டதா?

நான் முசிறியில் தாத்தாவிடம் வளர்ந்த காலத்தில் கதைக்கு உம் கொட்ட வேண்டும். ஒரு ஊர்ல ஒரு ராஜா, உம், அவனுக்கு ஏழு பொண்டாட்டி, உம். உம் நின்றால் கதை நின்றுவிடும், ராஜா குதிரைமேல் ஏறின காலோடு அப்படியே நிற்பான், தாத்தா திரும்பிப் படுத்துவிடுவார். அந்தக் கதைகளில் யாருக்கும் பேர் கிடையாது, ராஜா, மந்திரி, இளையவன், அப்படியும் அவர்கள் கூப்பிட்டால் கிளி வரும், கடல் விலகும். துரைக்கண்ணு வந்த புதிதில் ராத்திரிச் சாப்பாட்டின்போது பட்டறைக் கதை சொல்லுவார், ஒருத்தன் வெல்டிங் கண்ணாடியோடு பொண்ணு பார்க்கப் போன கதை, கிரேனில் தூக்குச்சட்டி மாட்டிக்கொண்டு மேலே போன கதை. நான் ரசித்துத்தான் கேட்டேன். தலையை ஆட்டினேன். அவர் தட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறவர், தலையாட்டுவது எப்படித் தெரியும்? மெல்ல மெல்லக் கதை நின்றுவிட்டது. களைப்பு என்று நினைத்தேன். ராஜா ஒரு காலைத் தூக்கினபடி ஒரு வருஷத்துக்கு மேலாக நிற்கிறான். அவர் பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் எனக்கு ஒரு பா வைக்கிறார், குடுப்பா, வாப்பா, சாப்டியாப்பா, என் வயசுப் பையன்களை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், அதில் ஒன்றும் இல்லை. ஆனால் கணக்குப் பார்த்தால், இந்த வீட்டில் அந்த வார்த்தையால் ஒரு ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பவர் அவர் ஒருத்தர்தான்.

குளுகுளு ஒடுங்கி வருகிறது. முக்கால் இருக்கும். ஒத்திகை பார்த்துவிடலாம் என்று எழுந்து கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போய் எட்டிப் பார்க்கிறேன். மோட்டாருக்குப் பக்கத்தில் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருக்கிறார், ஒரு கை சுவிட்சுக்குப் பக்கத்தில், உச்சந்தலையில் வழுக்கை வட்டமாகத் தெரிகிறது. கேட்கிற காதை மாடிப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார். திருப்பி வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "இங்க பாருங்க" என்றேன். அவர் அசையவில்லை. பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சபுரா அக்கா திரும்பினாள்.

"என்னையா கூப்பிட்ட?"

"இல்லக்கா. கீழ."

"கீழ யாரு?"

"கீழ... அவங்க."

"அவங்கன்னா யாருடா, கவர்னரா?" வாயிலிருந்த கிளிப்பை எடுத்துவிட்டுச் சிரித்தாள். "ரெண்டு வீட்டுக்குப் பொதுவா கூப்பிட்டா யாரு வருவா? டேங்குக்குக் கதை படிச்சுக் காட்டினது போதும், வாயத் தொற."

 திரும்பி வந்து பாயில் உட்கார்ந்துகொண்டேன். நிழல் இப்போது டேங்க் நிற்கிற சுவர் ஓரமாகச் சுருங்கிவிட்டது, அந்தச் சுவரோடு சாய்ந்து முழங்காலில் எழுபத்தொன்றாம் பக்கத்தை விரித்துக்கொண்டேன். நாளைக்குக் காலையில் அவர் சரி என்று சொல்லிவிடுவார். புதன்கிழமை வண்டி. அம்மா மறுபடியும் ஒரு தட்டுக்கு எதிரில் ஒரு தட்டு வைப்பாள், நான் தலையாட்டுவேன், அவளுக்கு ஏங்க என்று சொல்ல ஆள் இருக்காது. இதைத் தடுக்க வில்லனை அடிக்க வேண்டாம், கதவிடுக்கில் உருக வேண்டாம், ஒரு வார்த்தை, இரண்டு எழுத்தோ மூன்று எழுத்தோ. போட்டோவில் இருக்கிறவர் கோபித்துக்கொள்வாரா? அவர் முகத்தில் அப்படி ஒன்றும் கோபக்காரர் மாதிரி தெரியவில்லை. அந்தப் பெண்மணியின் முகத்தை இப்போதுதான் சரியாகப் பார்க்கிறேன், இத்தனை நாளும் வசனத்தைப் பார்த்திருக்கிறேன், முகத்தைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள், அவள் யாரையும் கூப்பிடவே இல்லை போலிருக்கிறது, இருட்டில் புருஷன் பக்கத்தில் இருக்கிற நினைப்பில் வாய் தானாகச் சொல்லியிருக்கிறது, அப்படியானால் அவன் ஏன் திரும்பினான், அது அவனுக்கான கூப்பாடே இல்லையே, இல்லை என்று தெரிந்துதான் திரும்பினானா, அன்புள்ள ஆசிரியருக்கு, பக்கம் எழுபத்தொன்றில், என்று நான் குனிந்திருந்தபோது குளுகுளு சுத்தமாக நின்றுவிட்டிருந்தது, தண்ணீர் குழாய் வாய்க்கே ஏறிவிட்டால் சத்தம் இருக்காது என்பது எனக்குத் தோன்றவில்லை, வழிகிற குழாய் நேரே என் பிடரிக்கு மேலே இருக்கிறது என்பதும் தோன்றவில்லை, மார்கழி மாசத்துத் தரைத்தொட்டித் தண்ணீர், ஐஸ், மொத்தமாக, முதுகுத்தண்டு வழியாக.

"யப்பா!"

அது நான்தானா என்று எனக்கே சந்தேகம். இருபத்தொரு வருஷமாக உள்ளே சேர்த்து வைத்திருந்த சத்தம் முழுவதும் அதில் இருந்தது. சபுரா அக்கா வீட்டுப் புறாக்கள் பறந்தன. குளிருக்குச் சொல்கிற யப்பா, முள் குத்தினால், நெருப்புச் சுட்டால் எல்லாரும் சொல்கிறார்களே, அந்த யப்பா. காமிக்ஸைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி எழுவதற்குள் படியில் செருப்புச் சத்தம், செருப்பே இல்லாத சத்தம், வெறுங்கால் இரண்டிரண்டு படியாகத் தாண்டுகிற சத்தம். கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார், மூச்சு வாங்கியது.

"என்னப்பா, என்னாச்சு? விழுந்துட்டியா?"

"இல்ல. தண்ணி."

"தண்ணியா?" மேலே பார்த்தார். குழாய் கொட்டிக்கொண்டே இருந்தது. மோட்டாரை நிறுத்தாமல் ஓடி வந்திருக்கிறார். நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார், இரண்டு பேர் காலடியிலும் தண்ணீர் ஓடியது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கேட்கிற காதைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பி, மெதுவாக, அதாவது மெதுவாக என்று அவர் நினைத்துக்கொண்டு, கேட்டார்.

"நீ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு."

இல்லை, குளிருக்குக் கத்தினேன் என்பதுதான் உண்மை. அந்த உண்மை வாய் நுனியில் ரெடியாக இருந்தது. அதற்கு வார்த்தை தேட வேண்டியதே இல்லை. பக்கத்து மாடியில் சபுரா அக்கா ஈரத்துணியைப் பிழியாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆமா" என்றேன். "கூப்பிட்டேன்."

அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. என் கையிலிருந்த காமிக்ஸை வாங்கினார், அட்டை நனைந்திருந்தது, அதைத் தன் பனியனில் இரண்டு பக்கமும் ஒற்றி எடுத்தார், உள்ளே திறக்காமலே, "எழுவத்தி ஒண்ணு நனையலயே?" என்றார். பிறகுதான் தான் சொன்னது அவருக்கு உறைத்தது போல. புத்தகத்தை என் கையில் திணித்துவிட்டு, "ஐயய்யோ, மோட்டாரு" என்று திரும்பி ஓடினார். கொஞ்ச நேரத்தில் உறுமல் அடங்கியது. குழாய் மெலிந்து, நூலாகி, சொட்டாகி நின்றது.

"நின்னுடுச்சா?" கீழேயிருந்து.

நின்னுடுச்சு என்றேன். என் வழக்கமான குரல், அது என் சட்டைப் பித்தானைக்கூடத் தாண்டாது. மறுபடியும் கேட்டார், நின்னுடுச்சாப்பா? கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போனேன். வழுக்கை வட்டம் இல்லை, முகம். அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை முதுகில் தண்ணீர் இல்லை, குளிர் இல்லை, சாக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

"நின்னுடுச்சுப்பா!"

வாலில் ஒரு பா. யாரும் யாருக்கும் சொல்கிற பா. அவர் அதைக் கேட்டுக்கொண்டு அப்படியே நின்றார், சுவிட்சுப் பலகையில் வைத்த கையை எடுக்காமல். பிறகு ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே, "அடுத்த ஞாயித்துக்கிழமை புது மிதவை வாங்கி மாட்டிடலாம். ஒரு தடவ இப்படித்தான் பட்டறைல, டேங்குக்குள்ள ஒருத்தன் எறங்கி..." என்று ஆரம்பித்துவிட்டு, பாதியில் நிறுத்தி, கேட்கிற காதை மேலே திருப்பினார்.

ராய்ப்பூர் வண்டி புதன்கிழமை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதற்குப் பிறகுதான் வருகிறது.

"உம்" என்றேன், தெருவுக்கே கேட்கும்படி.